கிளாடிஸும் ஐசக்கும்

அகதா கிறிஸ்டியை ஆயுள் முழுக்கப் படித்தவர்களிடம் அவருடைய கடைசி நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். முகம் சுருங்கிப் போகும். அது கோபமில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் நாலு பேர் முன்னால் தடுமாறினால் நமக்கு வருமே ஒரு கூச்சம், அந்த மாதிரி. 1972இல் வந்த 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்', 1973இல் வந்த 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' இரண்டும் அவர்கள் வாயில் ஓயாமல் அடிபடுகின்றன. ஒரு பக்கத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என்று சொன்ன சாவு இன்னொரு பக்கத்தில் இருபது வருஷத்துக்கு முன்னால் ஆகிவிடுகிறது, ஒரே உரையாடல் மூன்று தடவை நடக்கிறது, கொலைகாரர் யாரென்று தெரிந்த பிறகும் எதற்குச் செய்தார் என்று விளங்கவில்லை என்கிறார்கள். எல்லாம் நியாயமான புகார்தான்.

இந்தப் புகாருக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. வயசாயிடுச்சு, பாவம், விட்டுடுங்க என்பது ஒன்று. இன்னொன்று இலக்கியவாதிகளிடமிருந்து வருகிறது: துப்பறியும் கதைதானே, அதில் ஏறுவதென்ன, இறங்குவதென்ன? முதல் பதிலில் கொஞ்சம் ஈரமாவது இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது வெறும் திமிர். ஜனங்கள் விரும்பிப் படிக்கிற எதற்கும் தரம் என்று ஒன்று கிடையாது, ஆகவே தரம் கெட்டதென்று சொல்ல அவர்களுக்கு யோக்கியதையும் கிடையாது என்கிற திமிர். ஒரு தொடரை நாற்பது வருஷம் படித்த வாசகருக்கு அதைப் பற்றித் தெரிந்தது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. அவர் ஏமாந்தேன் என்று சொன்னால் எதில் ஏமாந்தார் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இந்தக் கட்டுரையில் சில நாவல்களின் முடிவைச் சொல்லியாக வேண்டும். படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் 'கோஸி' என்று பெயர். தேநீர்க் கெண்டி ஆறிப் போகாமல் இருக்க அதன்மேல் போர்த்துகிற துணியுறைக்கும் அதே பெயர்தான். பொருத்தம்தான். ஒரு சின்ன ஊர், சர்ச், பாதிரியார், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி, தோட்டத்து ரோஜா, சாயங்காலத் தேநீர். நடுவில் ஒரு பிணம். ரத்தம் அதிகம் தெரியாது, அழுகையும் கேட்காது. முந்நூறு பக்கத்துக்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிட்டால் ஊர் மறுபடியும் பழைய ஊராகிவிடும். கெட்டது ஒரு ஆள்தான், ஊர் அப்பாவி. இந்த அப்பாவி ஊர் என்கிற கதையாடல் நமக்கு ஒன்றும் புதுசில்லை. கிராமத்தைப் பற்றி யார் யார் என்னென்ன பாடியிருக்கிறார்கள் என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் இந்தச் சரக்கை நாம் ஏன் படித்தோம்? பழைய புத்தகக் கடையில் ரூபாய்க்கு இரண்டாக, அட்டை கிழிந்து, சிலசமயம் கடைசிப் பக்கமே இல்லாமல் வாங்கி ஏன் படித்தோம்? இங்கிலீஷ் கற்றுக்கொள்ள என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உண்மை வேறு. அந்தக் கதைகளில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. துப்பறிகிறவருக்குத் தெரிந்த அத்தனை தடயமும் வாசகருக்கும் தெரிய வேண்டும், ஒளித்து வைக்கக் கூடாது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்கிற கத்தோலிக்கப் பாதிரியார் இதைப் பத்துக் கட்டளையாகவே எழுதி வைத்தார். (அதில் ஐந்தாவது கட்டளை, கதையில் சீனாக்காரர் வரக் கூடாது என்பது. மலிவுக் கதைகளில் எல்லாக் கேட்டுக்கும் சீனாக்காரரையே இழுத்துப் போட்டதைக் கிண்டலடிக்க எழுதினார் என்கிறார்கள். கிண்டலாகவே இருக்கட்டும், யார் தலையில் ஏறி உட்கார்ந்து நடந்த கிண்டல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) 1930இல் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சேர்ந்து 'டிடெக்‌ஷன் க்ளப்' தொடங்கி, முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்க மாட்டோம் என்று உறுதிமொழியே எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்டி பின்னாளில் அந்த சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர்.

இந்த ஒப்பந்தத்தை விளையாட்டு விதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவரும் ஆலையில் வேலை பார்க்கிறவரும் அந்தப் பக்கத்தின் முன்னால் ஒன்றுதான். கிரேக்கம் தெரிய வேண்டாம், லத்தீன் தெரிய வேண்டாம், குடும்பப் பெருமை வேண்டாம். கவனம் ஒன்று போதும். கவனமாகப் படித்தவருக்கு விடை கிடைக்கும். கதைக்குள்ளே பட்லரும் சமையல்காரியும் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும், ஆனால் வாசகருக்கு முன்வாசல் திறந்திருந்தது. மேட்டுக்குடி எழுத்து எதுவும் நமக்குக் கொடுக்காத மரியாதை அது.

ஒப்பந்தத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. அதை நாக்ஸ் எழுதவில்லை. செத்தவர் யாராக இருந்தாலும் அந்தச் சாவுக்குக் கணக்கு கேட்கப்படும் என்பதுதான் அது. கிறிஸ்டி இந்தப் பாதியை எப்போதும் காப்பாற்றினார் என்று சொல்ல மாட்டேன். காப்பாற்றிய இடத்தில் அவர் எங்கேயோ உயரத்தில் இருக்கிறார்.

'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலை எடுத்துக்கொள்வோம். 1953இல் வந்தது. ஃபார்ட்டெஸ்கியூ என்கிற பணக்காரருக்கு விஷம் வைக்கப்படுகிறது. அடுத்து அவர் மனைவி. அந்த வீட்டில் கிளாடிஸ் மார்ட்டின் என்று ஒரு வேலைக்காரப் பெண். அநாதை விடுதியில் வளர்ந்தவள். அழகில்லை, புத்திசாலியும் இல்லை, எவனாவது நாலு வார்த்தை அன்பாகப் பேசினால் நம்பிவிடுவாள். அவளையும் கழுத்தை நெரித்துக் கொன்று துணி காயப்போடும் இடத்தில் போட்டுவிடுகிறார்கள். போட்டதோடு விடவில்லை. துணிக்கு மாட்டுகிற கிளிப்பை எடுத்து அவள் மூக்கில் மாட்டிவிட்டுப் போகிறான் கொன்றவன். ஒரு குழந்தைப் பாட்டில் வேலைக்காரியின் மூக்கைப் பறவை கொத்திக்கொண்டு போகும். அதற்குப் பொருத்தமாம். வேடிக்கை!

பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு மிஸ் மார்ப்பிள் ரயிலேறி வருகிறார். யாரும் கூப்பிடவில்லை. பணக்காரர் செத்ததற்காகவும் வரவில்லை. கிளாடிஸுக்கு வீட்டு வேலை பழக்கியது அவர்தான், அவள் மூக்கில் மாட்டிய அந்தக் கிளிப்புக்காக வருகிறார். செத்த பிறகும் ஒரு பெண்ணை அப்படிக் கேலிப்பொருளாக்கினானே என்கிற ஆத்திரம் அந்தக் கிழவியை நாவல் முடியும்வரை விடவில்லை. கடைசியில், எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் கிளாடிஸ் எழுதிய கடிதம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. கூடவே தன்னை ஏமாற்றியவனோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ. அந்த ஏழைப் பெண் கொலைகாரனின் முகத்தைத் தானே அனுப்பி வைத்திருக்கிறாள், பெருமையாக, இவர்தான் என் ஆள் என்று.

இதிலும் குறை சொல்ல இடமிருக்கிறது. மிஸ் மார்ப்பிள் அநாதை விடுதிப் பெண்களைக் கூட்டி வந்து வேலை பழக்கியது தர்மம் மட்டுமில்லை, சம்பளம் குறைவு என்பதும்தான். கிளாடிஸின் அசட்டுத்தனத்தைக் கதைசொல்லி நக்கலடிப்பதும் உண்டு. இருக்கட்டும். அந்த நக்கலையும் தாண்டி நாவல் யாருக்காகக் கோபப்படுகிறது என்பதில் சந்தேகம் வரவில்லை. கோஸி என்கிற போர்வையை ஒரு வேலைக்காரியின் பிணம் கிழித்துவிட்டது. பழைய வாசகர்கள் மனசில் வைத்திருக்கிற கிறிஸ்டி இந்தக் கிறிஸ்டிதான். வெறும் புதிர் போடுகிற சாமர்த்தியத்துக்காக யாரும் ஐம்பது வருஷம் ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை.

1960களில் அவர் இன்னும் கூர்மையானார் என்றே எனக்குப் படுகிறது. பலரும் அந்தப் பத்தாண்டிலிருந்தே சரிவைக் கணக்கெடுக்கிறார்கள், எனக்குச் சம்மதமில்லை. 1962இல் வந்த 'த மிரர் க்ராக்ட் ஃப்ரம் சைடு டு சைடு' நாவலில் மிஸ் மார்ப்பிளின் கிராமத்துப் பக்கத்தில் புதுக் குடியிருப்பு ஒன்று வந்திருக்கிறது. அடுக்கடுக்காக ஒரே மாதிரி வீடு, சாதாரண ஜனங்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். மிஸ் மார்ப்பிளோ பக்கத்தில் இருக்கிறவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, அந்தக் குடியிருப்பைத் தன் காலால் நடந்து போய்ப் பார்க்கிறார். மனிதர்கள் எங்கேயும் மனிதர்கள்தான் என்று தெரிந்துகொள்கிறார்.

1965இல் வந்த 'அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்' இதைவிடப் பெரிய காரியம். லண்டன் நடுவில் ஒரு ஹோட்டல். உள்ளே நுழைந்தால் எட்வர்ட் மன்னர் காலம் அப்படியே இருக்கிறது. வெண்ணெய் தடவிய மஃபின், பழைய நாற்காலி, பணிவான பணியாளர்கள், பாதிரிமார், பிரபு வீட்டுப் பாட்டிகள். மிஸ் மார்ப்பிள் முதலில் சொக்கிப் போகிறார். பிறகு உறைக்கிறது, இவ்வளவு பழசு இப்போது இருக்க முடியாதே! இருக்க முடியாதுதான். அந்தப் பழமை அத்தனையும் நாடகம். பின்னால் நடப்பது பெரிய கொள்ளைக் கும்பலின் தொழில். பழைய நல்ல காலம் என்கிற அலங்காரத்துக்குப் பின்னால் திருட்டுச் சொத்து இருக்கிறது என்று சொன்னது யார்? அந்தப் பழைய நல்ல காலத்தை விற்றே பேர் வாங்கியவர். தன் கடைச் சரக்கைத் தானே உடைத்துக் காட்டியது மாதிரி. அந்த நாவலின் முடிச்சில் ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கோஸி எழுத்து தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட உண்மை அதில் இருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்தவர் திரும்பிப் போனதுதான் வாசகரின் வலி.

1970இல் 'பாசெஞ்சர் டு ஃப்ராங்ஃபர்ட்'. எண்பது வயதுக்கு எண்பதாவது புத்தகம் என்று விளம்பரம் செய்தார்கள். உலகத்து இளைஞர்களையெல்லாம் ஒரு சதி ஆட்டி வைக்கிறது என்று கதை. 1968 மே மாதம் பாரிஸ் தெருவில் மாணவர்கள் நின்றதைப் பார்த்து மிரண்ட ஒரு வர்க்கத்தின் புலம்பல், வேறென்ன. அது துப்பறியும் தொடரில் சேராது என்பதால் விட்டுவிடலாம்.

1971இல் 'நெமெசிஸ்'. மிஸ் மார்ப்பிளை வைத்து அவர் எழுதிய கடைசி நாவல். முதல் பாதியில் இன்னும் பழைய கை தெரிகிறது. வெரிட்டி என்கிற பெண் பல வருஷத்துக்கு முன்னால் கொல்லப்பட்டாள். உண்மையில் வெரிட்டி என்று அடையாளம் காட்டப்பட்ட பிணம் நோரா பிராட் என்கிற ஏழைப் பெண்ணுடையது. வெரிட்டியின் சாவை மறைக்க இன்னொரு பெண்ணைக் கொன்று முகத்தைச் சிதைத்துப் போட்டிருக்கிறார்கள். ஏன் நோரா? அவள் காணாமல் போனால் யாரும் பெரிசா தேட மாட்டார்கள், பையன்களோடு சுற்றுகிறவள் என்று ஊர் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டது. 1942இல் வந்த 'த பாடி இன் த லைப்ரரி'யிலும் இதே பிணமாற்றுத் தந்திரம்தான். சினிமா ஆசை காட்டி அழைத்து வந்த பமேலா ரீவ்ஸ் என்கிற பள்ளிச் சிறுமியைக் கொன்று வேறொருத்தியின் உடுப்பை மாட்டிவிடுவார்கள். அங்கே நகத்தைப் பார்த்து மிஸ் மார்ப்பிள் கண்டுபிடிப்பார். செத்தவள் இன்னாள் என்பதே அங்கே விடை. 'நெமெசிஸ்' நாவலில் மிஸ் மார்ப்பிள் நோராவை மறந்துவிடவில்லை, ஆனால் நாவலின் துக்கம் முழுக்க வெரிட்டிக்கே. போதாததற்கு, பாலியல் வன்முறைப் புகார்கள் பலவும் பெண்ணும் தாயும் சேர்ந்து ஜோடிப்பவை என்கிற தொனியில் படித்த கனவான்கள் பேசுகிறார்கள். அதை மறுக்க நாவலில் ஆளில்லை. பழைய வாசகிகள் பலருக்கு இந்த இடத்தில் புத்தகம் கையிலிருந்து நழுவியது. நழுவத்தான் வேண்டும்.

அடுத்தது யானைக் கதை. தளபதியும் மனைவியும் குன்றின் ஓரத்தில் சுடப்பட்டுக் கிடந்தார்கள். யார் யாரைச் சுட்டார்கள்? பழைய ஞாபகமுள்ளவர்களைத் தேடித் தேடிப் போகிறார்கள் புவாரோவும் ஆலிவர் அம்மாளும். மனைவிக்கு இரட்டைச் சகோதரி உண்டு, வீட்டில் நாலு பொய்முடி இருந்தது, நாய் அந்த அம்மாளைக் கடித்தது. இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? வாசகர் பாதிக்கு முன்பே விடையோடு உட்கார்ந்துவிடுகிறார், புவாரோ வந்து சேர நேரமாகிறது. தடயத்தை ஒளித்தார் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒப்பந்தம் நாணயமாக நடக்க ஆண்டுக் கணக்காவது ஒழுங்காக இருக்க வேண்டாமா? வயது மாறுகிறது, வருஷம் மாறுகிறது. கவனமாகப் படிக்கிறவரே இங்கே முட்டாளாக்கப்படுகிறார். மற்ற நாவல்களில் இப்படி ஒரு முரண்பாடு இருந்தால் அது தடயம். இங்கே வெறும் பிழை. எது தடயம், எது பிழை என்று தெரியாமல் போனபின் துப்பறியும் கதை எங்கே இருக்கிறது?

நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டொரான்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அவருடைய நாவல்களில் உள்ள சொற்களைக் கணினியில் எண்ணி 2009இல் முடிவைச் சொன்னார்கள். கடைசி நாவல்களில், முக்கியமாக யானைக் கதையில், சொல்வளம் வெகுவாகக் குறைகிறது, ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, பொருளின் பெயரைச் சொல்லாமல் 'அது', 'ஏதோ ஒன்று' என்கிற மாதிரிச் சொற்கள் கூடுகின்றன. மறதி நோயின் அடையாளமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். மருத்துவர் யாரும் அவர் உயிரோடு இருந்தபோது அப்படிச் சொன்னதாக இல்லை. ஊகம் சரியென்றே வைத்துக்கொள்வோம். ஞாபகம் கரைந்துகொண்டிருக்கிற ஒரு பெண், ஞாபகம் தப்பாத யானைகளைப் பற்றி நாவல் எழுதுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எந்தப் பழைய வாசகருக்கும் இல்லை.

கேள்வி வேறு ஆட்களிடம் கேட்க வேண்டியது. கைப்பிரதி பதிப்பகத்துக்குப் போனதே, அங்கே யாருக்கும் கூட்டல் கழித்தல் தெரியாதா? தெரியும். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி என்பது பல வருஷத்து வியாபாரம். பெயரைப் போட்டால் விற்கும், விற்றது. இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது, நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாதது. கிறிஸ்டியின் எழுத்துரிமைக்காக 1955இல் ஒரு கம்பெனி உண்டாக்கினார்கள், வரிச் சுமையைச் சமாளிக்க. 1968இல் அதில் 51 சதவீதத்தை வாங்கியது புக்கர் மக்கானல். ஆமாம், புக்கர் பரிசின் புக்கர்தான். சர்க்கரைக் கம்பெனி. தென்னமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் கரும்புத் தோட்டங்களில் பெரும்பகுதி அவர்களுடையது. 'புக்கர் கயானா' என்றே அந்த நாட்டைக் கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கரும்பை வெட்டியவர்கள் முதலில் ஆப்பிரிக்க அடிமைகள், 1838க்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 1845இலிருந்து கப்பல் போனது. மதராசிகள் என்று அங்கே பேர் வாங்கிய அந்தச் சனங்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே காளியாயியைக் கும்பிடுகிறார்கள். கிறிஸ்டியின் பாதிக்கு மேற்பட்ட பங்கை வாங்கிய பணம் எந்த வயலில் விளைந்தது என்று சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான். யானைக் கதை வெளியான அதே 1972 நவம்பரில்தான் ஜான் பெர்ஜர் புக்கர் பரிசை வாங்கிய மேடையிலேயே அந்தக் கம்பெனியின் கரீபிய வரலாற்றைச் சொல்லி, பரிசுப் பணத்தில் பாதியை லண்டனிலிருந்த கறுஞ்சிறுத்தைகளுக்குக் கொடுத்தார்.

புக்கர் கம்பெனி அந்த அம்மாளை எழுது எழுது என்று விரட்டியது என்று நான் சொல்லவில்லை. விரட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு ஏற்பாடு அது. பெயர் சொத்தாகிவிட்டால் எழுத்து எப்படி இருந்தால் யாருக்கென்ன? தோட்டத்தின் மண் சத்தெல்லாம் உறிஞ்சப்பட்ட பிறகும் கடைசிக் கட்டு கரும்பை வெட்டத்தான் செய்வார்கள். எண்பது வயதுப் பெண்ணின் தடுமாற்றத்தை அட்டை போட்டு, விலை போட்டு, பண்டிகைக்குக் கடையில் அடுக்கினார்கள். அவரை அவமானப்படுத்தியது விமர்சித்த வாசகர் இல்லை, இந்த அடுக்கல்தான். 2023இல் அவருடைய பழைய நாவல்களில் இனத்தைக் குறித்த புண்படுத்தும் சொற்களைப் பதிப்பகம் நீக்கித் திருத்தியது என்று செய்தி வந்தது. பிரதியில் கை வைக்கவே கூடாது என்கிற புனிதம் அவர்களுக்கு இல்லை என்பது தெரிகிறது. அந்தக் கையை 1972இல், அவர் உயிரோடு இருக்கும்போது, அவருக்கு உதவியாக வைத்திருக்கலாம்.

இதற்குச் சாட்சி அவர்கள் பெட்டியிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிப் பூட்டி வைத்த இரண்டு நாவல்கள்: புவாரோவின் கடைசிக் கதை 'கர்ட்டன்', மிஸ் மார்ப்பிளின் 'ஸ்லீப்பிங் மர்டர்'. 1974இல் புது நாவல் இல்லை, பழைய சிறுகதைகளைத் தொகுத்துப் போட்டார்கள். 1975இல் 'கர்ட்டன்' வந்தது. 1976 ஜனவரி 12ஆம் தேதி கிறிஸ்டி காலமான பிறகு, அதே வருஷம் மற்றது வந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய கூர்மையான கையெழுத்து 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' நாவலுக்கு அடுத்தாற்போல் வந்து நின்றபோது வாசகருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொல்லெண்ணிக்கையை வைத்துச் சரிவை அளந்தவர்கள் அளக்கட்டும். என் அளவுகோல் 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' நாவலின் தோட்டத்தில் கிடக்கிறது.

டாமி, டப்பன்ஸ் தம்பதி 1922இல் அறிமுகமானவர்கள். மற்ற துப்பறிவாளர்கள் மாதிரி இல்லாமல் வாசகரோடு சேர்ந்து வயசான ஜோடி, அதனாலேயே பிரியத்துக்குரியவர்கள். அவர்களோடு ஆல்பர்ட் என்று ஒரு ஆள். 1922இல் லிஃப்ட் இயக்குகிற பையன். 1941இல் வந்த 'என் ஆர் எம்' நாவலில் லண்டனில் சொந்தமாக மதுக்கடை வைத்துக் குடும்பஸ்தனாகிவிட்டவர். ஆனால் 1968இல் பார்த்தால் மறுபடியும் டாமி வீட்டில் கோழி வறுத்துக்கொண்டிருக்கிறார். கடை என்னாச்சு? யாரு கேட்டா? 1973இலும் அதே வேலை. ஐம்பது வருஷத் தொடரில் நாய்க்குக்கூட குணச்சித்திரம் உண்டு, ஆல்பர்ட்டின் கடைக்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. பழைய வாசகர்கள் வயதுக் கணக்குப் பிசகை எழுதி எழுதி மாய்கிறார்கள், இந்தப் பிசகை அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை.

கிழட்டுத் தம்பதி புது வீட்டுக்குக் குடி வருகிறார்கள். வீட்டோடு வந்த பழைய புத்தகம் ஒன்றில் எழுத்துகளுக்கு அடியில் கோடு போட்டு ஒரு சிறுவன் சேதி விட்டுப் போயிருக்கிறான். முதல் உலகப் போருக்கு முந்தைய காலத்தில் அந்த வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மேரி ஜோர்டன் இயற்கையாகச் சாகவில்லை, நம்மில் ஒருவர்தான் கொன்றது என்று. எப்பேர்ப்பட்ட தொடக்கம்! சம்பளத்துக்கு வந்த ஒரு பெண் வீட்டுக்காரர்களால் கொல்லப்பட்டாள், அதைக் கண்டுகொண்ட ஒரே ஆள் ஒரு குழந்தை. 1953இன் கிறிஸ்டிக்கு இது கிடைத்திருந்தால்! இங்கேயோ அது உளவுத்துறை, காகிதம், பழைய அரசியல் என்று சிதறி, அந்த 'ஒருவர்' யாரென்ற கேள்வி மங்கிப் போகிறது.

அந்த வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்கிற ரொம்ப வயசான மனிதர் ஐசக் பாட்லிக்காட். ஓட்டை ஒடிசலைச் சரி பண்ணுவார், பழைய கதை சொல்வார். ஊரின் ஞாபகம் முழுக்க அவர் தலையில்தான் இருக்கிறது. டப்பன்ஸ் துருவித் துருவிக் கேட்கிறார், ஐசக்கும் சொல்கிறார். ஒருநாள் அவரை மண்டையில் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். இந்தத் தம்பதியின் பொழுதுபோக்குத் துப்பறிதலுக்குப் பதில் சொன்னதற்காக வந்த சாவு. டப்பன்ஸ் கலங்குகிறார், இல்லையென்று சொல்ல முடியாது. விசாரணையும் நடக்கிறது. அப்புறம் நாவல் தன் பாட்டுக்குக் காபி, நாய், பழைய மரக்குதிரை, பெரிய மனிதர்களின் வருகை என்று நடக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிக்கிளிப்புக்காக ரயிலேறி வந்தார்களே, அப்படி ஐசக்குக்காகக் கோபத்தோடு வர அந்த நாவலில் யாருமில்லை. அவரைக் கொன்றது யார் என்பதைவிட அந்த வீட்டில் ஒளிந்திருந்த காகிதங்கள் எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் கடைசியில் பெரிய மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஐசக் குடும்பத்துப் பையன் ஹென்றி, தோட்டத்தில் ஏதாவது ஒத்தாசை வேணுமா என்று கேட்டுக்கொண்டு வருகிறான்.